என் எதிர்ப்பாட்டுக்காரனைத் திருப்பிக் கொடு

மகன், எப்படி இருக்கிறாய்? காலையில் ஏதாவது சாப்பிட்டாயா, இல்லை வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாயா? கொழும்பில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று சொன்னாய். மாடி மாடியாக ஏறி ஊராருக்கெல்லாம் ஏசி பழுது பார்க்கிற உனக்கே வேர்த்துக் கொட்டுகிறது என்றால் அது என்ன ஊரோ, போ. இங்கே நமுனுகுல மலை பத்து மணி வரைக்கும் முகத்தைக் காட்டுவதில்லை. பனிமூட்டம். பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. நெற்றியில் வெள்ளை. உன்னைப் போலவே பால் குடித்த கையோடு தூங்கிவிடுகிறது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால்தான் படி இறங்கும்போது என்னோடு பேசுகிறது, ஏறும்போது ஏசுகிறது.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பேச்சு வராது. நீ அந்தப் பக்கம் "அப்பா" என்றால் இந்தப் பக்கம் என் வாயில் "சரி" என்ற ஒன்றுதான் வரும். சாப்பிட்டீர்களா என்றாலும் சரி, மருந்து போட்டீர்களா என்றாலும் சரி. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொல்லிவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து எங்கேயாவது கோணிக்கொண்டு போனால் நீயே நிமிர்த்திப் படித்துக்கொள். சுகந்திக்கும் படித்துக் காட்டு. அவளுக்குத் தெரிந்த கதையும் இதில் இருக்கும், தெரியாததும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன கேட்டாய்? "அப்பா, நீங்களும் சுகந்தி அப்பாவும் இனிமே காமன் பொட்டல்ல எதிரும் புதிருமா நின்னு பாட வேணாம்பா. சம்பந்தியாகப் போறீங்க. ஊரு சிரிக்கும். இதோட விட்டுருங்க." கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னாய். நானும் சரி என்றேன். போனை வைத்த பிறகு ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சம்பல் காய்ந்துவிட்டது. உனக்கு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை, மகன். இதை மட்டும் சொல்லிப் பார்க்கலாமா என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள். மாசி பிறந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் பொட்டலில் கம்பம் நடுகிறோம். கரும்பும் ஆமணக்குக் கொம்பும் வைக்கோல் பிரியும் சேர்த்துக் கட்டிய கம்பம், அதுதான் காமன். பௌர்ணமி வரைக்கும் தப்புப் பறை முழங்கும், ரதியும் மதனும் வேஷம் கட்டி வீடு வீடாக ஆடுவார்கள், கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், கம்பம் எரியும். அதன் பிறகு ரதி அழுது கேட்க, சிவன் இரங்கிக் காமனுக்கு உயிர் கொடுப்பார். ரதி கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான், வேறு யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். கூத்து இவ்வளவுதான். ஆனால் நம் தேயிலைத் தோட்டத்தில் கூத்தை விட லாவணிக்குத்தான் கூட்டம். லாவணி என்றால் சண்டைப் பாட்டு. எரிந்த கட்சிக்காரன் ஒருத்தன், எரியாத கட்சிக்காரன் ஒருத்தன், ஆளுக்கு ஒரு டேப், அந்தச் சின்னப் பறையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரெதிராக நிற்பார்கள். காமன் உண்மையிலேயே எரிந்துபோனான், அவ்வளவுதான், தீர்ந்தது என்பான் ஒருத்தன். எரியவே இல்லை, உன் குருட்டுக் கண்ணுக்குத் தெரியவில்லை என்பான் இன்னொருத்தன். கேள்வியும் பாட்டில், பதிலும் பாட்டில், வசவும் பாட்டில்.

தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பிறந்தவன் எரிந்த கட்சி, மேற்பிரிவில் பிறந்தவன் எரியாத கட்சி. யார் பிரித்தது என்று என்னைக் கேட்காதே. நம் ஆட்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து வள்ளம் ஏறி, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்தபோது, சட்டி பானையோடு இந்தச் சண்டையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் தாத்தா சொல்லுவார், அவர் காலத்து வெள்ளைக்கார துரை பங்களாவிலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பெரிய கங்காணியைக் கூப்பிட்டாராம். இவன்கள் வருஷா வருஷம் எதற்கு இப்படிக் கத்துகிறான்கள் என்றாராம். சாமி எரிந்தாரா இல்லையா என்றுதான் துரை என்றாராம் கங்காணி. அதை ஒரு முடிவுக்குக் கொண்டுவா, இரண்டு பக்கத்துக்கும் அரை நாள் லீவு தருகிறேன் என்றாராம் துரை. கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "முடிச்சுட்டா அடுத்த மாசிக்கு என்னத்தப் பாடுறதுங்க தொரை?" என்றாராம். துரை யோசித்துவிட்டு லீவு கொடுத்துவிட்டார் என்பது எங்கள் கட்சி சொல்லும் கதை. கொடுக்கவில்லை, விரட்டிவிட்டார் என்பது எரிந்த கட்சி சொல்லும் கதை. பார், அதில்கூட ஒத்துப்போக மாட்டோம்.

எதில் விட்டேன்? ஆமாம், மருதமுத்து. சுகந்தியின் அப்பாவை நீ மாமா என்கிறாய், எனக்கு அவன் மருதமுத்துதான். அவனுக்கு மீசை அரும்பின காலத்திலிருந்து அவன் எரிந்த கட்சி, நான் எரியாத கட்சி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் சந்தித்தாலும் சரி, பசறை பஸ்ஸில் சந்தித்தாலும் சரி, ஆரம்பித்துவிடுவான். அவன் பாடினது ஒன்று உனக்கும் தெரியும், சின்ன வயதில் நீயே பாடிக்கொண்டு திரிந்து உங்கம்மாவிடம் உதை வாங்கினாய்.

சாம்பலை அள்ளிவந்து சந்தியில் காட்டிநின்னா
ஆம்பளை எங்கேன்னு கேக்குறியே, அறிவிருக்கா?

அதற்கு நான் சொன்ன பதில்:

பூவுக்குள் வாசமுண்டு, புடிச்சதைக் காட்டு பாப்போம்,
பாவிநீ காணலைன்னா காமனே இல்லியாடா?

உங்கம்மா கீழ்ப்பிரிவில் பிறந்தவள். அவள் பிறப்பால் எரிந்த கட்சி. மருதமுத்துவை அண்ணன் முறை வைத்து "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அவன் மச்சான் ஆனது அந்த முறையில்தான். கல்யாணமாகி வந்த முதல் மாசியிலேயே பொட்டலில் நான் பாடும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவன் பாடும்போது கை தட்டினாள். என் பக்கத்து ஆட்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து என்ன இப்படி மானத்தை வாங்குகிறாயே என்று கேட்டேன். "ஒங்களுக்குச் சோறு ஆக்கிப் போடுறேன்ல, அதுக்கு மேல கையும் தட்டணுமா?" என்றாள். நான் நன்றாகப் பாடின நாளில் குழம்பில் உப்பு குறையும். அவன் ஜெயித்த நாளில் கருவாடு பொரியும். இப்படித்தான் நம் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சியும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டது.

இப்போது உன் பரிசத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேள். சுகந்தி வீட்டு நடுவில் பாய் விரித்து, இரண்டு பக்கமும் தட்டு வைத்து, வெற்றிலையும் பழமும் சேலையும் அடுக்கியாயிற்று. சுகந்தியின் தாய்மாமன் ஹாலிஎலையிலிருந்து வந்திருந்தார், கடைக்காரர், இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் சம்மதம் இல்லாமல் தட்டு கை மாறாது. எனக்கோ வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு பதற்றம். எதிரில் மருதமுத்துவுக்கும் அதே பதற்றம்தான், உதடு வெளுத்துப் போயிருந்தது. இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிராகச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. எதிரில் அவன் முகத்தைப் பார்த்தாலே என் கை டேப்பைத் தேடும். பூசாரி, பெண் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அவன் தொண்டையைக் கனைத்தான். பாவி, லாவணிக்குக் கனைக்கிற அதே கனைப்பு. "எங்க வீட்டு வெளக்க எடுத்துத் தாறேன் ஒங்க கையில" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் பதற்றத்தில் அது மெட்டோடு வந்துவிட்டது. மெட்டைக் கேட்டதும் என் வாய் என்னைக் கேட்கவில்லை, மகன்.

"எரிஞ்ச கட்சி வெளக்குக்கு எண்ணெய்கூட வேணுமாடா."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது. மருதமுத்து முதலில் சிரித்துவிட்டான். நீ கவனித்திருக்க மாட்டாய், நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாய். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தவன், தன் பெண்டாட்டியின் தம்பி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கினான். ஹாலிஎலைக்காரர் எழுந்துவிட்டார். "பரிசத் தட்டை முன்னுக்கு வச்சிக்கிட்டு எரியிற பேச்சுப் பேசுறீங்களே, பெரியவரே. என் அக்கா மகளை வெளையாட்டுக்கா கேட்டு வந்தீங்க?" என்றார். சுகந்தியின் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நல்ல வேளை சுகந்தி வந்தாள். தட்டில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து, முதல் கோப்பையை மாமனிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாள். அந்தக் கோப்பைக்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்.

பிறகுதான் மாமன் உட்கார்ந்தார், தட்டு மாறியது. ஆனால் கிளம்பும்போது வாசலில் நிற்க வைத்து உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார், இந்த இரண்டு பேரும் இனிமேல் எதிரெதிராக நின்று வாயைத் திறந்தால் இந்தக் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வராது, நானும் வரமாட்டேன் என்று. தாய்மாமன் வராத பெண்ணுக்கு நாங்கள் எப்படித் தாலி கட்ட வைப்பது? நீ பயந்ததில் தப்பே இல்லை. உன் இடத்தில் நானாக இருந்தால் அப்பன் வாயில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பேன்.

ஆனால் நீ அங்கே இருக்கிறாய், இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. பரிசத்துக்குப் பிறகு மருதமுத்து என்னை வாங்க என்கிறான். போன வாரம் பசறை பஸ்ஸில் எனக்கு இடம் விட்டு எழுந்து நின்றான். "நீங்க ஒக்காருங்க சம்பந்தி. கால் வலியோட நிக்காதீங்க" என்றான். என் காலைப் பற்றி அவன் அதுவரைக்கும் பாடின பாட்டு உனக்குத் தெரியுமே, நொண்டிக் கழுதைக்கு ரதி மேல் என்ன ஆசை என்று. அந்தக் கழுதைக்கு இப்போது உட்கார இடம் கொடுக்கிறான். நானும் "இல்லைங்க, நீங்க ஒக்காருங்க" என்றேன். கடைசியில் இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம், சீட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை உட்கார்ந்துகொண்டது. வளைவுக்கு வளைவு இடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கங்க, பரவாயில்லைங்க என்று சொல்லிக்கொண்டே வந்தோம். பஸ்ஸில் நம் தோட்டத்து ஆட்கள் யாரோ செத்துப்போன வீட்டுக்குப் போகிற மாதிரி எங்களைப் பார்த்தார்கள்.

மரியாதை கெட்ட விஷயம் என்று சொல்லவில்லை, மகன். எனக்கு மரியாதை கொடுக்க ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை வயசுப் பையன்களெல்லாம் தாத்தா என்று எழுந்து நிற்கிறார்கள். என்னை டா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒருத்தன்தான். அவனையும் சம்பந்தியாக்கி வாயைக் கட்டிவிட்டீர்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கம்மா செத்துப்போனாளே, அதற்கு அடுத்து வந்த மாசி. காரியமெல்லாம் முடிந்து நீ கொழும்புக்குத் திரும்பிவிட்டாய், வேலை போய்விடும் என்று நான்தான் உன்னை அனுப்பினேன். நான் பாட வரமாட்டேன் என்றுதான் தோட்டத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பொட்டலில் தப்புச் சத்தம் கேட்டதும் லயத்து வரிசையில் நம் காம்பிரா அறைக்குள் உட்கார முடியவில்லை. அவள் சேலை கொடியில் அப்படியே கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவது? டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பொழுது சாய்கிற நேரம், மலையில் வெயில் மஞ்சளாக இருந்தது. எரிந்த கட்சிதான் எப்போதும் முதல் கேள்வி கேட்க வேண்டும். மருதமுத்துவும் வழக்கமாகப் பாடுகிற அந்த முதல் கேள்வியையே எடுத்தான். சாம்பலை அள்ளிவந்து என்று ஆரம்பித்தான்.

உங்கம்மாவை நாம் எரித்து, சாம்பலை நீயும் நானும்தான் அள்ளினோம். அவன் பாடி முடித்துவிட்டான், நான் பதில் சொல்ல வேண்டும். பூவுக்குள் வாசமுண்டு என்று ஆரம்பித்தால் போதும், தூக்கத்தில்கூடப் பாடுகிற வரி. வாய் திறக்கவில்லை. அவனுக்கு அப்போதுதான் தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது போல. முகம் மாறிவிட்டது. லாவணியில் ஒரு வழக்கம் உண்டு, எதிராளி பதில் சொல்லாமல் நின்றால் டேப்பைக் கீழே தாழ்த்திவிட வேண்டும், அதோடு முடிந்தது, நிற்பவன் தோற்றான். மருதமுத்து டேப்பைத் தாழ்த்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான். எனக்காகத் தாளத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான். அப்புறம் மெல்ல நடந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான், எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்தது. அங்கே யாரோ நிற்கிற மாதிரி அந்தக் காலி இடத்தைப் பார்த்து, என் கட்சிக்குப் பாடினான்.

கவ்வாத்து வெட்டிவிட்டா கட்டையின்னு நெனச்சியாடா?
எவ்வளவு துளிருதுன்னு ஏறிவந்து மலையப்பாரு.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மலையை நீ பார்த்திருக்கிறாய். செத்த காடு மாதிரி கிடக்கும், குச்சி குச்சியாக. அதைப் பார்த்தால் இதில் இனிமேல் கொழுந்து வரும் என்று யாரும் நம்பமாட்டார்கள். உங்கம்மா ஆயுசெல்லாம் கொழுந்து எடுத்த மலை அந்தப் பொட்டலுக்கு மேலேதான் இருக்கிறது. அவன் ஏறி வந்து பார் என்று பாடினபோது கூட்டத்தில் நின்ற பொம்பளையெல்லாம் அந்த மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட தங்கச்சியை அவனும்தான் இழந்திருந்தான். எரிந்தது எரிந்ததுதான் என்று ஆயுசெல்லாம் பாடினவன், எனக்காகக் கட்சி மாறி நின்றான். திரும்பிப் போகும்போது என் காதுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி, "இத்தன வருஷம் பாடுறியே, இந்த வரி ஒனக்குத் தோணிச்சாடா மடையா?" என்றான். உங்கம்மா போன பிறகு நான் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

இதை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் வீட்டில் சொல்லியிருக்க மாட்டான். மூன்று நாளைக்கு முந்தி ஒரே ஒருத்தரிடம் சொன்னேன். உனக்குத் தெரியாமல் ஹாலிஎலைக்குப் போனேன், மகன். பஸ்ஸில் பதுளைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். மாமன் கடையில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் கல்யாணம் நின்றுபோயிற்று என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார் போல, ஸ்டூலை அவரே துடைத்துப் போட்டார். நான் பரிசத்தில் பேசினது தப்பு, நல்ல இடத்தில் சொல்லக்கூடாத சொல் என்று முதலில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இந்தக் கதையைச் சொன்னேன். நடுவில் ஆட்கள் வந்து பருப்பு கேட்டார்கள், சீனி கேட்டார்கள், சவுக்காரம் கேட்டார்கள். அவர் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து வந்து கேட்டார். கவ்வாத்து வரியைச் சொன்னபோது மட்டும் ஆள் வந்து நின்றும் எழுந்து போகவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தான் அப்பிடிப் பாடினாரா? அக்கா சொல்லவே இல்லயே" என்றார். கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பெரியவரே, எனக்கு வெளங்கல. மனசுல இவ்வளவு இருக்குறவங்க எதுக்கு வாயால இப்பிடி நாறடிச்சுக்கிறீங்க?" என்று கேட்டார். வந்து கேட்டால் தெரியும் என்று மட்டும் சொன்னேன். டவுனில் பிறந்தவர், லாவணியைக் கண்ணால் பார்த்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது கன்றுக்குட்டி போட்ட வீடு என்று சொன்னேனா, ஒரு பொட்டலம் வெல்லம் கட்டிக் கொடுத்தார், பசுவுக்காம். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன், நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ.

நீயும் சுகந்தியும் வாழப்போகிறீர்கள். அப்பன் என்கிற முறையில் உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்தது இந்தச் சண்டை ஒன்றுதான். சண்டை போடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். உங்கம்மாவும் நானும் போடாத சண்டையா? ஆனால் லாவணியில் எதிராளி ஒரு வரி பாடும்போது குறுக்கே விழக்கூடாது, முடிக்க விட வேண்டும். அவள் பேசி முடிக்கட்டும், மகன், அவசரப்படாதே, உனக்கு அந்த அவசரம் உண்டு. எதிராளியின் மூக்கைப் பாடலாம், மீசையைப் பாடலாம், நடையைப் பாடலாம். உண்மையிலேயே புண்ணாகக் கிடக்கிற இடம் எது என்று இரண்டு பேருக்கும் தெரியும், அங்கே கை வைக்கக்கூடாது. தெரியாமல் பட்டுவிட்டால் தாளத்தை விடாமல் பக்கத்தில் போய் நின்றுகொள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். சண்டையில் ஜெயிப்பது பெரிய காரியமில்லை, அடுத்த நாளும் சண்டை போட அவள் அங்கே இருக்க வேண்டும். ஒரு நாள் அவள் உன்னிடம் மன்னிச்சுக்கங்க, பரவாயில்லைங்க என்று தட்டில் வைத்துப் பேச ஆரம்பித்தால் பயப்படு. அன்றைக்கு ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் கேட்கிறேன். என் எதிர்ப்பாட்டுக்காரனை எனக்குத் திருப்பிக் கொடு. கல்யாணத்துக்கு முந்தி இல்லாவிட்டால் பரவாயில்லை, இந்த மாசி நான் வாயைத் திறக்காமல் நிற்கிறேன். தாலி ஏறின பிறகாவது விடு. ஊர் சிரிக்கும் என்றாயே, ஊர் சிரிக்கத்தான் மகன் நாங்கள் பாடுகிறோம். நீ சுகந்தியிடம் சொல், அவள் அவளுடைய அப்பாவிடம் சொல்லட்டும். நான் போய்ச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் முதலில் வாயைத் திறந்தால் அது ஏளனம் ஆகிவிடும். எரிந்த கட்சி கேட்காமல் எங்களுக்குப் பதில் சொல்லவும் உரிமை இல்லை. அவன் வாயைத் திறக்க வேண்டும். அவனோ மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறானாம், கீழ்ப்பிரிவில் சொன்னார்கள். நான் உனக்குச் சரி சொன்னேன், அவன் அவளுக்குச் சத்தியம் செய்தான். இரண்டு கிழவன்களும் பிள்ளைகளுக்குப் பயந்து லயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்றைக்கு மூன்றாம் பிறை. கம்பம் நட்டுவிட்டார்கள், பொட்டலில் தப்பு காய்ச்சுகிற புகை இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வருகிறது. நான் போகவில்லை. போனால் நிற்க வேண்டும், நின்றால் வாய் சும்மா இருக்காது, அதனால் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். நாளைக்குப் பசறைக்குப் போய்த் தபாலில் போடுகிறேன். உன் பதில் வரும் வரைக்கும் நான் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டேன், இது உன்மேல்…

கொஞ்சம் பொறு, வெளியே நாய் குரைக்கிறது. லயத்துப் படியில் யாரோ கூட்டமாக ஏறி வருகிறார்கள். டேப்புச் சத்தம். யார் அடிக்கிறார்களோ தெரியவில்லை, அடி தாறுமாறாக விழுகிறது, டேப்பைத் தொட்டே பழக்கமில்லாத கை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் வந்து சொல்கிறாள், இஸ்திரிச் சட்டை போட்ட கடைக்காரர் ஒருத்தர்தான் அடித்துக்கொண்டு வருகிறாராம், பதுளை பஸ்ஸில் வந்து இறங்கினாராம். "வாங்க வெளிய, ஒங்களத்தான் கேக்குறாங்க" என்கிறாள். அவருக்கு முன்னால் மருதமுத்து. அந்தக் கனைப்பை எனக்குத் தெரியாதா. பாடுகிறான், மகன்.

சம்பந்தி ஆனதுமே சத்தத்தக் காணலடா,
கம்பம்தான் கேக்குதுடா கட்சிக்காரன் எங்கேன்னு.

லயமே வெளியில் வந்து சிரிக்கிறது. கதவைத் தட்டுகிறான். நீ கோபப்படாதே, உனக்குச் சொன்ன சொல்லை நான் மீறவில்லை. சுகந்தியிடமும் சொல்லிவிடு, அவள் அப்பாதான் முதலில் ஆரம்பித்தார், நான் பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்து…